வீட்டுச் சமையலுக்கு எந்த எண்ணெய்? இரத்தச் சோதனை முடிவை வைத்துத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு

இரத்தச் சோதனை முடிவில் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) எண்ணுக்குப் பக்கத்தில் உயர்வுக் குறி விழுந்ததும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி எண்ணெயைப் பற்றியதாகவே இருக்கிறது. செம்பனை எண்ணெயை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறலாமா, பாட்டி காலத்து நல்லெண்ணெய்தான் சிறந்ததா, நெய்யைத் தொடவே கூடாதா, சூரியகாந்தி எண்ணெய் உடலுக்கு நஞ்சு என்று வாட்சாப்பில் வந்த காணொளி உண்மையா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஆதரவாகப் பேச ஆட்கள் இருப்பதால், கேட்கிறவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

இது சிறிய விஷயம் அன்று. மலேசிய சுகாதார அமைச்சின் 2023 தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தவர்களில் 33.3 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதற்கு முந்திய 2019 ஆய்வில், இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடாக இருந்தது. மூவரில் ஒருவர் என்ற நிலையை அது நெருங்குகிறது. ஆகவே நம் வீடுகளில் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது, கொலஸ்ட்ராலையும் சர்க்கரையையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெயின் பெயரைவிட, அது உடலுக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## உடலுக்குள் கொழுப்பு போகும் வழி

எண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது பெரும்பாலும் டிரைகிளிசரைடு, அதாவது ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறு. அது நீரில் கரையாது. ஆகையால் கல்லீரல் சுரந்து பித்தப்பை சேர்த்துவைத்த பித்தநீர், சிறுகுடலில் இறங்கி அதை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்னும் நொதி, மூன்று கொழுப்பு அமிலங்களில் இரு ஓரத்தில் உள்ளவற்றை வெட்டியெடுத்து, நடுவில் இருப்பதைக் கிளிசராலோடு விட்டுவிடுகிறது. குடற்சுவரின் உயிரணுக்கள் இந்தத் துண்டுகளை உள்வாங்கி, மறுபடியும் டிரைகிளிசரைடாகக் கட்டி, கைலோமைக்ரான் எனப்படும் துகள்களில் அடைத்து, நிணநீர் நாளங்களின் வழியே மேலேற்றிக் கழுத்தின் அடிப்பகுதியில் இரத்தத்தோடு சேர்க்கின்றன. நலமான உடல், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இவ்வாறு உறிஞ்சிவிடுகிறது. நாசி கண்டார் சாப்பிட்ட பிறகு வெந்நீரோ சூடான தேநீரோ குடித்தால் எண்ணெய் கரைந்து வெளியேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தச் செயல்முறையில் எங்கும் இடமில்லை.

இரத்தத்தில் ஓடும் கைலோமைக்ரான்களிலிருந்து தசைகளும் கொழுப்புத் திசுவும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. உணவுக்குப் பின் சுமார் 3 முதல் 5 மணி நேரத்தில் இரத்த டிரைகிளிசரைடு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குப் பலகாரம், மதியம் கறிச்சோறு, மாலையில் வடை என்று தொடர்ந்து சாப்பிடுகிறவரின் இரத்தம் பகல் முழுவதும் அந்த உச்சத்திலிருந்து முழுமையாக இறங்குவதே இல்லை.

கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. அவை வழியில் கொழுப்பை இறக்கிவிட்டபின் எஞ்சுவதுதான் எல்டிஎல். இதை இரத்தத்திலிருந்து மீட்டெடுக்கக் கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். எண்ணெய்த் தேர்வு முழுவதும் இந்த ஏற்பிகளைச் சுற்றியே அமைகிறது. நிறைவுற்ற கொழுப்பை (தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் மிகுந்திருக்கும் வகை) அதிகம் உண்ணும்போது ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது, எல்டிஎல் இரத்தத்திலேயே தங்குகிறது. அதற்குப் பதிலாகப் பல்நிறைவுறாக் கொழுப்பை (சூரியகாந்தி, சோள எண்ணெய்களில் மிகுந்திருக்கும் வகை) உண்ணும்போது ஏற்பிகள் சுறுசுறுப்படைந்து எல்டிஎல் இறங்குகிறது.

தங்கிப்போன எல்டிஎல், தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே தேங்க, ஆண்டுக்கணக்கில் படிவு வளர்கிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், இதயத்தில் அது மாரடைப்பு, மூளையில் பக்கவாதம். இருபது வயதில் தொடங்கி ஐம்பது வயதில் வெளிப்படக்கூடிய நோய் இது என்பதால், ‘எனக்கு இப்போது ஒன்றுமில்லையே’ என்பது எண்ணெயை மாற்றாமல் இருப்பதற்குப் போதிய காரணமாகாது.

டிரைகிளிசரைடின் கதை வேறு. சோதனையில் காணப்படும் வெறும் வயிற்று டிரைகிளிசரைடின் பெரும்பகுதியைக் கல்லீரலே அனுப்புகிறது. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை, வெள்ளைச் சோறு, மைதா, மது ஆகியவற்றைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களிடம் இது இன்னும் வேகமாக நடக்கிறது. தெற்காசிய மரபினரிடம் அதிக டிரைகிளிசரைடும் குறைந்த எச்டிஎல்லும் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) வயிற்றுப் பருமனும் ஒன்றாகக் காணப்படுவது வழக்கம். ஆகவே எல்டிஎல் உயர்ந்தவருக்கும் டிரைகிளிசரைடு உயர்ந்தவருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது சரியாகாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், எல்டிஎல்லை அந்த எண்ணெய் ஏற்றுமா இறக்குமா என்பது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் மிகத் தெளிவாகத் தெரியவந்தது இதுவே என்பதால், இதற்கே அதிக எடை தருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம், நாளாந்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது 22 கிராம்.

இரண்டாவது, சூடு. நம் சமையலில் தாளிப்பும் உண்டு, நீண்ட நேரப் பொரிப்பும் உண்டு. ஒன்றுக்கு ஏற்ற எண்ணெய் மற்றொன்றுக்கு ஏற்றதாக இராது. மூன்றாவது, விலை, போத்தலின் விலையோடு, அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது, பொரித்த மிச்சத்தைக் கொட்ட மனம் வருமா என்பதும் இதில் அடங்கும். நான்காவது, போத்தலில் உண்மையில் இருப்பது என்ன என்பது. சுவையையும் கணக்கில் எடுக்காமல் முடியாது. வீட்டார் முகம் சுளிக்கும் எண்ணெய் ஒரு மாதத்துக்கு மேல் அடுப்படியில் நிலைக்காது.

கலோரியை அளவுகோலாகச் சேர்க்கவில்லை. எல்லா எண்ணெய்க்கும் கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120 கலோரி. ‘லைட்’ என்று அட்டையில் அச்சிட்ட எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான்.

நால்வர் உள்ள வீட்டில் 5 கிலோ போத்தல் ஒரு மாதத்தில் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொரித்தபின் கொட்டுவதைக் கழித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் ஆகிறது. அந்த 40 கிராமும் ஒரே எண்ணெயாக இருந்தால் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு சேரும் என்பதைக் கீழ்க்காணும் அட்டவணையின் நான்காவது எண் காட்டுகிறது. வகைக்கும் தயாரிப்புக்கும் ஏற்ப எண்கள் சற்று முன்பின் ஆகும்.

| எண்ணெய் | நிறைவுற்றது (விழுக்காடு) | ஒற்றை நிறைவுறாதது (விழுக்காடு) | பல்நிறைவுறாதது (விழுக்காடு) | 40 கிராமில் நிறைவுற்றது | பொருத்தமான வேலை |
|---|---|---|---|---|---|
| செம்பனை ஓலைன் | 45 | 43 | 12 | 18 கிராம் | பொரித்தல் |
| தேங்காய் எண்ணெய் | 90 | 7 | 2 | 36 கிராம் | மணத்துக்குச் சிறிதளவு |
| நெய் | 65 | 30 | 4 | 26 கிராம் | மணத்துக்குச் சிறிதளவு |
| நல்லெண்ணெய் | 15 | 41 | 44 | 6 கிராம் | தாளிப்பு, குழம்பு, ஊறுகாய் |
| கடலை எண்ணெய் | 18 | 49 | 33 | 7 கிராம் | தாளிப்பு, வதக்கல், ஓரளவு பொரித்தல் |
| சூரியகாந்தி | 11 | 20 | 66 | 4 கிராம் | தாளிப்பு, வதக்கல் |
| சோள எண்ணெய் | 13 | 28 | 55 | 5 கிராம் | தாளிப்பு, வதக்கல் |
| கனோலா | 7 | 63 | 28 | 3 கிராம் | அன்றாடச் சமையல் |
| ஆலிவ் | 14 | 73 | 11 | 6 கிராம் | வதக்கல், சாலட் |

22 கிராம் என்ற வரம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செம்பனையில் எண்ணெய் மட்டுமே கிட்டத்தட்ட முழு ஒதுக்கீட்டையும் எடுத்துக்கொள்கிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் சந்தான் எனப்படும் தேங்காய்ப்பாலுக்கும் அதில் இடம் மிஞ்சவில்லை. தேங்காய் எண்ணெயும் நெய்யும் வரம்பைத் தாண்டியே தொடங்குகின்றன.

## செம்பனை எண்ணெய்

இது நம் நாட்டு எண்ணெய்; நம்மவர் உழைப்பு கலந்த எண்ணெயும்கூட. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. இன்று கடையில் ‘மினியாக் மாசாக்’ (சமையல் எண்ணெய்) என்று பொதுப்பெயரோடு விற்கும் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது செம்பனையின் நீர்ம வடிவமான ஓலைன்தான். அரசு மானியத்தில் ஒரு கிலோ பாக்கெட் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைக்கும்போது, வேறு எதை வாங்கச் சொன்னாலும் அது குடும்பச் செலவைக் கூட்டும் அறிவுரையாகவே இருக்கும்.

செம்பனைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் அறிவியல் வாதம் ஒன்று உண்டு. அதன் டிரைகிளிசரைடுகளில் நடு இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஓலிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருக்கும் அதே அமிலம். நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலம் ஓரங்களில்தான் இருக்கிறது. லைபேஸ் ஓரங்களை வெட்டி நடுவில் உள்ளதை விட்டுவிடுவதால், செம்பனை மிருகக் கொழுப்பைப் போல நடந்துகொள்ளாது என்கிறார்கள். வேதியியல் சரியானதே. ஆனால் வெட்டப்பட்ட பால்மிட்டிக் அமிலமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்பு குறைந்த எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் செம்பனை எல்டிஎல்லை லிட்டருக்கு 0.24 மில்லிமோல் உயர்த்துகிறது என்று கண்டது. தனியொருவருக்கு இது சிறிய ஏற்றம். ஆயினும் எல்டிஎல் ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரைகளின் சோதனைகள் காட்டியிருப்பதால், நாள்தோறும் பல பத்தாண்டுகள் தொடரும் ஒரு பழக்கத்தில் அந்தச் சிறிய ஏற்றத்தைப் புறக்கணிக்க முடியாது.

கல்லீரலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட சோதனையில், எடை சரியாக இருந்த 39 இளம் வயதினருக்கு 7 வாரம் கூடுதல் கலோரி தரப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் செம்பனை எண்ணெயில் செய்த மஃபின், மற்றவர்களுக்குச் சூரியகாந்தியில் செய்தது. இரு பிரிவினரும் ஒரே அளவு எடை கூடினார்கள். ஆனால் செம்பனை உண்டவர்களின் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு தெளிவாகவே அதிகம். வேண்டுமென்றே அளவுக்கு மீறி உண்ணவைத்த சோதனை இது என்பதை மறக்கக்கூடாது. எனினும் கல்லீரல் கொழுப்பு இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள் கவனிக்கத்தக்கது.

பொரிப்பதற்கு வந்தால் செம்பனையின் பக்கம் நியாயம் இருக்கிறது. பல்நிறைவுறாக் கொழுப்பு குறைவாக இருப்பதால், அது சூட்டில் சிதைவது மெதுவாகவே நடக்கிறது. புகையும் வெப்பநிலையும் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட இதைவிட மலிவான, நிலையான எண்ணெய் இங்கே கிடைப்பது கடினம். மறைந்திருக்கும் செலவு, அதை மறுபடி மறுபடிச் சுடவைப்பதில் இருக்கிறது. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலமுறை சூடேற்றிய எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். நிறம் கறுத்து, நுரை தள்ளி, பிசுபிசுக்கும் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். மலிவாகக் கிடைப்பதில் உள்ள உண்மையான நன்மை, கொட்டும்போது மனம் வலிக்காது என்பதே.

மானியப் பாக்கெட்டைத்தான் நம்பியிருக்கும் வீட்டுக்கும், பொரிப்பதற்கு மட்டும் எண்ணெய் தேடுகிறவருக்கும் செம்பனை பொருந்தும். பணக்கட்டுப்பாடு உள்ள வீட்டில் எண்ணெயை மாற்றுவதற்கு முன்பு அளவைக் குறைப்பதே முதல் வேலை. ஆளுக்கு 40 கிராமிலிருந்து 25 கிராமுக்கு இறங்கினால், நிறைவுற்ற கொழுப்பு 18 கிராமிலிருந்து 11 கிராமாகிறது, அதற்குச் செலவு எதுவும் இல்லை.

## தேங்காய் எண்ணெயும் சந்தானும்

அதிகமாகக் கேட்கப்படுவதும் அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இந்த எண்ணெயைப் பற்றித்தான். ‘தேங்காய் எண்ணெய் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது நிணநீர் வழியே போகாமல் நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும்’ என்பது வாதம். 8, 10 கரிம அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தவரை இது உண்மை. அவை தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். எண்ணெயின் கிட்டத்தட்டப் பாதியாக இருப்பது 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்ற நீண்ட சங்கிலிக் கொழுப்புகளைப் போலவே கைலோமைக்ரானில் ஏறி நிணநீர் வழியாகத்தான் போகிறது. மருத்துவமனையில் பயன்படும் தூய நடுத்தரச் சங்கிலி எண்ணெயின் ஆய்வு முடிவுகளைத் தேங்காய் எண்ணெய்க்கு ஏற்றிச் சொல்வதால் வந்த குழப்பம் இது.

16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான பகுப்பாய்வில், சூரியகாந்தி, சோளம், ஆலிவ் போன்றவற்றோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 0.27 மில்லிமோல் உயர்த்தியது. செம்பனையோடு நேரடியாக ஒப்பிட்ட சில சோதனைகளிலும் தேங்காய் எண்ணெயே எல்டிஎல்லை அதிகம் உயர்த்தியது. எச்டிஎல்லும் சுமார் 4 மில்லிகிராம் கூடியது. ஆயினும் எச்டிஎல்லை மருந்தால் உயர்த்திய சோதனைகள் மாரடைப்பைக் குறைக்கத் தவறியதால், அதை ஈடாகக் காட்டுவது சரியில்லை. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் இங்கிலாந்தில் நான்கு வாரம் நடந்த ஒரு சோதனையில், தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிட எல்டிஎல்லை உயர்த்தவில்லை, வெண்ணெய்தான் உயர்த்தியது. ஒரு சோதனை ஒரு பக்கமும், தொகுத்த சான்று மறுபக்கமும் நிற்கும்போது தொகுத்ததையே நம்புகிறேன்.

ஆகவே எல்டிஎல்லுக்காகச் செம்பனையிலிருந்து தேங்காய் எண்ணெய்க்கு மாறுவது, அதிக விலை கொடுத்துத் தவறான திசையில் போவதாகும். ‘குளிர்ச்செக்கு’, ‘விர்ஜின்’ என்ற பெயர்கள் மணத்தையும் சில நுண்பொருள்களையும் காக்கலாம். நிறைவுற்ற கொழுப்பின் விழுக்காட்டை அவை மாற்றுவதில்லை.

எண்ணெய் போத்தலைவிட இங்கே பெரிய கணக்கு சந்தானுடையது. கெட்டியான சந்தான் 100 மில்லிலிட்டரில் 20 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கும், அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. ஒரு தட்டு நாசி லெமாக்கும், ஒரு கிண்ணம் கறி மீயும் சேர்ந்தால் அந்த நாளின் ஒதுக்கீடு தீர்ந்துவிடலாம். வீட்டில் கனோலா ஊற்றிச் சமைத்துவிட்டு, வாரம் நான்கு நாள் வெளியே சந்தான் உணவு சாப்பிடுகிறவர் சோதனை முடிவில் மாற்றம் இல்லையே என்று வருந்துவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு நம் உணவின் அடையாளம். அதை விலக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வாரத்தில் ஓரிரு நாளுக்கு வைத்துக்கொள்வதும், இரண்டாம் பாலில் குழம்பு வைத்துக் கடைசியில் சிறிது முதல் பால் சேர்ப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும். எல்டிஎல் சரியாக உள்ளவருக்கு, புட்டுக்கோ அவியலுக்கோ ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவதில் தவறு இல்லை.

## நெய்

நெய்யை நீளமாக ஆராய வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கொஞ்சம் கொலஸ்ட்ரால், இயற்கையாக அமைந்த சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு. எல்டிஎல் உயர்ந்தவரின் அன்றாடச் சமையல் கொழுப்பாக இது இருக்கலாகாது. ஆனால் நெய்யை யாரும் போத்தல் போத்தலாக ஊற்றுவதில்லை, மணம் வலிமையானது என்பதால் ஒரு தேக்கரண்டியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஐந்து கிராம் நெய்யில் சுமார் 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வாரத்தில் சில நாள் பருப்புச் சோற்றுக்கு அந்த அளவு விடுவதைப் பெரும்பாலோரின் கணக்கு தாங்கும்.

நெய்க்குப் பதிலாக மலிவாகக் கிடைக்கும் வனஸ்பதி வகைகளையும் பழைய வகைக் கட்டி மார்ஜரினையும் வாங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயிலிருந்து வரும் டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி, எச்டிஎல்லை இறக்குகிறது. உணவுக் கொழுப்புகளில் இதற்கு மட்டும் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் இதை உலகெங்கும் ஒழிக்க அழைப்பு விடுத்தது இதனால்தான். அட்டையில் ‘ஹைட்ரஜனேற்றிய’ என்ற சொல்லைப் பார்த்தால் அந்தப் பொட்டலத்தை வைத்துவிட்டு வருவது நல்லது. நெய்யில் செய்த இனிப்பு என்று வாங்கும் பெட்டிகளிலும் இந்தக் கொழுப்பு இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் அட்டையையும் வாசிக்க வேண்டும்.

## நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்

என் தேர்வைக் கேட்டால் அன்றாடத் தமிழ்ச் சமையலுக்கு இவை இரண்டையுமே முன்னால் வைப்பேன். நல்லெண்ணெயில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பல்நிறைவுறாக் கொழுப்பும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன, நிறைவுற்றது குறைவு. எள்ளுக்கே உரிய செசமின் போன்ற பொருள்கள் அந்த எண்ணெய் விரைவில் காறிப்போகாமல் காக்கின்றன. இரத்த அழுத்தத்தை அது குறைக்கும் என்று சொல்லும் சிறு ஆய்வுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழுப்பமிலக் கட்டமைப்பே அதற்குப் போதுமான பரிந்துரை. புளிக்குழம்பு, இட்லிப்பொடி, மீன்குழம்பு எல்லாம் இதில்தான் ருசிக்கின்றன. வாசம் எடுப்பானது என்பதால் கை தானாகவே குறைவாக ஊற்றுகிறது.

குறை, விலை. மானியச் செம்பனையைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். அதனால் கலப்பெண்ணெயும் சந்தையில் உண்டு; பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கின் லிட்டில் இந்தியாவிலோ வாங்கும்போது, முன்பக்கப் பெயரைப் பார்த்து எடுக்காமல் பின்பக்க உட்பொருள் பட்டியலை வாசிக்க வேண்டும். ‘சம்புரான்’ (கலவை) என்றிருந்தாலோ, செம்பனை முதலில் குறிப்பிடப்பட்டிருந்தாலோ நல்லெண்ணெய் விலைக்கு வேறொன்றை வாங்குகிறீர்கள். விளக்கேற்ற விற்கும் தீப எண்ணெய் அதே அலமாரியில் இருக்கும். அது சமையலுக்கு உரியதன்று.

நீண்ட நேரப் பொரிப்புக்குச் சுத்திகரிக்காத நல்லெண்ணெய் ஒத்துவராது. சீக்கிரம் புகையும், அதன் மணம் வேறெந்தச் சுவையையும் விடாது. கடலை எண்ணெய் அந்த வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை வாங்கக்கூடாது.

## சூரியகாந்தி, சோளம், கனோலா

எல்டிஎல்லை இறக்குவது ஒன்றே நோக்கமாக இருந்தால், விலைக்கும் பயனுக்கும் சேர்த்துப் பார்க்கையில் இவை முன்னணியில் நிற்கின்றன. இவற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, ஒமேகா 6 வகையான லினோலிக் அமிலம் உடலில் அழற்சியை வளர்க்கிறது என்பது. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்பிலிருந்து கலோரியில் 5 விழுக்காட்டை லினோலிக் அமிலத்துக்கு மாற்றியவர்களிடம் இதய நோய் நிகழ்வுகள் 9 விழுக்காடும், இதய நோய் மரணங்கள் 13 விழுக்காடும் குறைவாக இருந்ததைக் காட்டியது. மறுபுறத்தில், அமெரிக்காவின் மினசோட்டாவில் 1960களின் இறுதியில் தொடங்கிய சோதனையின் தரவுகளை 2016இல் மறுபடி ஆராய்ந்தபோது, சோள எண்ணெய் கொலஸ்ட்ராலை இறக்கியும் மரணம் குறையவில்லை என்று தெரிந்தது. அந்தச் சோதனையில் பெரும்பாலோர் அந்த உணவை உண்ட காலம் குறைவு. மொத்தச் சான்றும் மாற்றத்தின் பக்கமே சாய்கிறது. நஞ்சு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

இவற்றின் உண்மையான குறை பொரிப்பில் தெரிகிறது. பல்நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெயை நெடுநேரம் கொதிக்கவிட்டால் ஆல்டிஹைடு போன்ற தீங்கான சிதைபொருள்கள் கூடுதலாக உண்டாகின்றன. சூரியகாந்தியில் ஒரு முறை பொரித்ததை மீண்டும் பொரிப்பதற்கு எடுக்க வேண்டாம். மூன்றில் கனோலாவே எனக்குப் பிடித்தது. நிறைவுற்றது மிகக் குறைவு, கொஞ்சம் ஒமேகா 3 உண்டு, வாசமில்லாததால் எந்தக் கறியிலும் கலந்துவிடும். மீனிலிருந்து கிடைக்கும் ஒமேகா 3க்கு அது ஈடாகாது. அதற்கு வாரம் இரண்டு முறை கெம்புங் (கானாங்கெளுத்தி) மீன் குழம்பு வைத்தால் போதும், இறக்குமதி சால்மன் தேவையில்லை.

ஆலிவ் எண்ணெய்க்கு ஆதரவான சான்று வலுவானது. ஆனால் நம் சமையலுக்கு அதன் மணம் பொருந்துவதில்லை, விலையும் இங்கே மிக அதிகம். வாங்க வசதி உள்ளவர்கள் காய்கறி வதக்க வைத்துக்கொள்ளலாம். வாங்க முடியாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

## உங்கள் முடிவுத்தாளில் உள்ளது எது?

எல்டிஎல் மட்டும் உயர்ந்திருந்தால் எண்ணெய் மாற்றம் பலன் தரும். அன்றாடத்துக்குக் கனோலாவும் நல்லெண்ணெயும், பொரிப்பதற்கு மட்டும் ஒரு சிறிய செம்பனைப் பாக்கெட், சந்தான் வாரத்தில் ஓரிரு நாள் என்பது செலவைப் பெரிதாகக் கூட்டாத ஓர் ஏற்பாடு. வெளியே இரண்டு வேளை சாப்பிடுகிறவர், மாமாக் கடையின் எண்ணெயைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், தோசையையோ சப்பாத்தியையோ கேட்பதும், ‘கறி பஞ்சிர்’ என்று சோறு மூழ்கக் குழம்பு ஊற்றச் சொல்வதைக் குறைப்பதும், பொரித்த கோழிக்குப் பதில் குழம்பு மீனை எடுப்பதும்தான் அவருக்கு இருக்கும் எண்ணெய்த் தேர்வு.

டிரைகிளிசரைடு உயர்ந்து எல்டிஎல் சரியாக இருந்தால், புதிய எண்ணெய் போத்தலுக்குச் செலவழிக்கும் முன், ஒரு நாளில் எத்தனை கிளாஸ் தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்), எவ்வளவு சோறு, எவ்வளவு மது என்று கணக்கிட வேண்டும். அங்கேதான் அந்தக் கொழுப்பு உருவாகிறது. அது லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டியவர்களுக்கு நிலைமை வேறு. கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால் எந்த எண்ணெயாக இருந்தாலும் மொத்தக் கொழுப்பையே வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டும் உயர்ந்து நீரிழிவும் உள்ளவருக்கு இரு திருத்தங்களும் தேவை. செம்பனையை நிறுத்திய கலோரிக்குப் பதிலாகக் கூடுதல் சோறோ பிஸ்கட்டோ உண்டால் ஒரு பயனும் இராது. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் வெள்ளை மாவுச்சத்து வந்தால் இதய நோய் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இடத்தை நிறைவுறா எண்ணெயும் பருப்பும் கடலையும் மீனும் நிரப்ப வேண்டும்.

எல்டிஎல் லிட்டருக்கு 4.9 மில்லிமோலையோ அதற்கு மேலோ தொட்டு, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், எல்டிஎல் ஏற்பிகளில் பரம்பரைக் கோளாறு இருக்கக்கூடும். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவர்களுக்கு எந்த எண்ணெயும் தனியாகப் போதாது. மாத்திரை வேண்டும், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டும். ஏற்கெனவே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்கிறவர்கள், எண்ணெயை மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது.

மாற்றத்துக்கு எல்டிஎல் காட்டும் பதில் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். அரசாங்கக் கிளினிக்கிலோ தனியார் மருத்துவரிடமோ 6 முதல் 12 வாரம் கழித்து மறு சோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை எண்ணெய், சந்தான், வெளிச்சாப்பாடு மூன்றையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், எண் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அடுத்து எதை மாற்றுவது என்று மருத்துவரோடு பேச அது உதவும்.